சரக்கு ஏற்றி இறக்கும் தெருவோர இடங்கள்: உள்ளாட்சி விதிகளைப் புதுப்பிக்கும் முறை

ஏற்றி இறக்கும் இடம் என்பது பொதுத் தெருவின் ஓரத்தில் சரக்கு வாகனம் நின்று, சரக்கைக் கைமாற்றி, உடனே கிளம்புவதற்கென நேரம் குறித்து ஒதுக்கப்படும் பகுதி. கார், பைக் நிறுத்துமிடம் வேறு. ஆலை வாசலில் முறை வரும்வரை லாரி காத்துக்கிடக்கும் இடம் வேறு. மூன்றையும் ‘வாகன நிறுத்தம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய விதியால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் விதிகளைப் புதுப்பிக்க முனையும் அதிகாரியும் மன்ற உறுப்பினரும் இந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்த வட்டாரம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் உருவானது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கே கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் செயின்ட் கோபேன், நோக்கியா, சாம்சங் என்று ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஆலைகள் வந்தன. ஒரகடத்தில் ரெனோ–நிசான், அப்போலோ டயர்ஸ், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகியவை 2010-க்கும் 2013-க்கும் இடையில் அடுத்தடுத்து உற்பத்தியைத் தொடங்கின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பு, ஒரு கிராமத்துக் கூட்டுரோடாக இருந்து கன்டெய்னர் லாரிகளின் சந்திப்பாக மாறிவிட்டது. சாலைகள் அகலமாயின. ஊருக்குள் இருக்கும் தெருக்களின் அகலமோ அப்படியே இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் மாட வீதிகள் தேர் ஓடவும் மாட்டுவண்டி போகவும் அமைந்தவை. மளிகைக் கடைக்கு வரும் பதினான்கு அடி லாரியும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனிப் பேருந்தும், சிலிண்டர் வண்டியும் இன்று அதே ஊர்த் தெருக்களில்தான் இடம் தேடுகின்றன.

சரக்கு வண்டிக்கு இடம் ஒதுக்கும் யோசனை புதியதல்ல. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வண்டிப்பேட்டைக்கு இடம் இருந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டிகளை ஊர் ஓரத்தில் நிறுத்தவைத்த அந்த ஏற்பாடு மாட்டுவண்டிக் காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. மாட்டுக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டும். ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டிக்கு ஓய்வு வேண்டாம், கடை வாசல்தான் வேண்டும். பேட்டைக்கு ஏற்ற விதியைத் தூசி தட்டிக் கடைவீதிக்குப் போடுவதால் பயன் இல்லை.

காத்திருப்பதும் இறக்குவதும்

ஒரகடம், வல்லம் வடகால், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் போன்ற சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) பகுதிகளை ஒட்டிச் சாலையோரத்தில் ஒரு டிரெய்லர் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அதில் எதுவும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கேட் பாஸ் வரவில்லை. அல்லது ஆலை கொடுத்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்தாகிவிட்டது. அல்லது பில்லில் ஒரு எண் பிசகி, திருத்திய நகல் வாட்ஸ்அப்பில் வரவேண்டியிருக்கிறது. சென்னை மாநகருக்குள் கனரக வாகனங்களுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், துறைமுகம் போகும் வண்டி சாயங்காலம்வரை ஊருக்கு வெளியே நேரத்தைக் கடத்துகிறது. ஓட்டுநருக்குத் தூக்கம் வேண்டும், சாப்பாடு வேண்டும். இ-வே பில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் காலாவதியாவதால், தாமதித்து வருவதைவிட முன்கூட்டியே வந்து படுத்துக்கொள்வதே வண்டிக்காரருக்குப் பாதுகாப்பு.

இவற்றில் ஒன்றைக்கூட நகராட்சியோ ஊராட்சியோ சாலையில் போடும் கோடு தீர்க்காது. வாகனத் தொழிலில் உதிரிபாகத்தை வேண்டிய நேரத்துக்கு மட்டும் வரவழைப்பது வழக்கம். ஆலைக்குள் கிடங்கைச் சுருக்கினால் அந்தக் கிடங்கு சக்கரம் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிடும். சேமிப்பின் லாபம் ஆலைக்கு, இட நெருக்கடி ஊருக்கு என்பது நியாயமான பங்கீடு அல்ல. எனவே காத்திருப்புக்கான இடத்தை ஆலை தன் மனைக்குள்ளும், சிப்காட் தன் வளாகத்துக்குள் லாரி முனையமாகவும் தரவேண்டும் என்பதே உள்ளாட்சியின் நிலைப்பாடாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதிக்கு விண்ணப்பம் வரும் கட்டத்தில், வண்டி திரும்பும் வட்டமும் வாசலுக்கு உள்ளே நிற்கும் வரிசையும் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது, பிறகு ஆண்டுக்கணக்கில் அபராதம் எழுதுவதைவிட மலிவு. வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு டிரெய்லர் முழுதாக நிற்கும் தூரம் இல்லாவிட்டால், காவலாளி சீட்டைச் சரிபார்க்கும் நேரமெல்லாம் வண்டியின் பின்பாதி நெடுஞ்சாலையில்தான் இருக்கும்.

ஏற்றி இறக்கும் இடம் உண்மையில் தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. விடியுமுன் வரும் பால் வண்டி, கோயம்பேட்டிலிருந்து வரும் காய்கறி வேன், மாலைக் கடைக்குப் பூ, மீன் பெட்டி, நியாயவிலைக் கடைக்கு அரிசி மூட்டை, டாஸ்மாக் கடைக்குப் பெட்டிகள், உணவகத்துக்குச் சிலிண்டர், மேன்ஷனுக்குத் தண்ணீர் லாரி, கேன் தண்ணீர், கட்டடத்துக்குக் கம்பியும் சிமெண்ட்டும், இணையவழி வாங்கிய பொருள்களைக் கொண்டுவரும் பையன்கள். வெளியூர்த் தொழிலாளர் கூடிய அளவுக்கு மெஸ்ஸும் விடுதியும் பெருகி, இந்த வண்டிகளும் பெருகின. விதி இவர்களுக்காக எழுதப்பட வேண்டும்.

சாலை யாருடையது

புதுப்பிக்கும் வேலையில் அதிகம் தவறுவது இந்த இடத்தில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை 48; அதுவும் அதன் அணுகுசாலைகளும் தேசிய நெடுஞ்சாலைத் தரப்பைச் சேர்ந்தவை. அணுகுசாலையில் கடை இருப்பதால் அது ஊர்த் தெரு ஆகிவிடாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை மாநில நெடுஞ்சாலை 48, சிங்கபெருமாள்கோவில் வழியாக வருவது மாநில நெடுஞ்சாலை 57. ஒரே எண் 48 இரண்டு சாலைகளுக்கும் இருப்பதால் கோப்புகளில் குழப்பம் வரும். தேசியமா மாநிலமா என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ஒரகடம் தொழில் வழித்தடத்தில் இந்த மாநிலச் சாலைகளை அகலப்படுத்தியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சாலைகள் சிப்காட்டின் பொறுப்பு. மீதமுள்ளவைதான் நகராட்சித் தெருக்களும் ஊராட்சி, ஒன்றியச் சாலைகளும்.

ஆகவே முதல் வேலை ஒரு வரைபடம். ஒவ்வொரு தெருவையும் அதன் உரிமையாளரின் நிறத்தில் தீட்டி, எல்லை மாறும் இடத்தைக் கட்டட அடையாளத்தோடு குறிக்க வேண்டும். ‘கூட்டுரோடு அருகில்’ என்று எழுதினால் போதாது. ‘கிழக்கு ஓரம், மருந்துக்கடைச் சுவர் முதல் மின்மாற்றி வரை, 22 மீட்டர்’ என்று இருக்க வேண்டும். காவல் நிலைய எல்லையையும் இதே வரைபடத்தில் சேர்ப்பது நல்லது. தெருவின் ஒரு பக்கம் ஒரு நிலையம், மறுபக்கம் இன்னொரு நிலையம் என்றிருந்தால், ‘அது எங்கள் லிமிட் இல்லை’ என்ற பதிலே விதியின் முடிவாகிவிடும்.

சட்டத்தின் பிடிமானம்

ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியாக இருந்து அண்மையில் நகராட்சியாக உயர்ந்தது. இதற்கிடையில் சட்டமும் மாறியது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023-ஆம் ஆண்டின் விதிகளோடு சேர்ந்து, 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் விலகியது. பேரூராட்சிக் காலத் தீர்மானமோ துணைவிதியோ பழைய சட்டத்தின் பிரிவைக் காட்டி நிற்கிறது என்றால், அது இன்னும் செல்லுமா என்பதைச் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கியபின்தான் திருத்தத்தில் இறங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக எழுதுவது நல்லது. ஒரகடம் போன்ற ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமே அடிப்படை.

உள்ளாட்சிச் சட்டம் தெருவைப் பராமரிக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும், கட்டணம் வாங்கவும் வழிசெய்கிறது. வண்டி எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்ற அதிகாரம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருகிறது. பிரிவு 115 வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் தடைசெய்யவும் இடமளிக்கிறது. பிரிவு 116 குறியீட்டுப் பலகைகளுக்கு உரியது. பிரிவு 117-இன்படி, அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ அந்த எல்லைக்குரிய உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வாகனம் நிற்கும் இடங்களை நிர்ணயிக்கலாம். சாலையில் போவோரின் பாதுகாப்புக்கும் தடையற்ற போக்குவரத்துக்கும் முதன்மை தரவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. சுருக்கமாக, இடத்தைக் கண்டறிந்து பரிந்துரைப்பது மன்றம், கட்டுப்பாட்டை அறிவிக்கையாக்குவது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் என்று இரண்டு கை சேர வேண்டும். மன்றத் தீர்மானத்தை மட்டும் நம்பிப் பலகை நட்டால், அபராதம் கட்ட மறுக்கும் முதல் ஓட்டுநரிடமே விதி தோற்றுப்போகும்.

பிரிவு 115-இல் நடைமுறைக்கு மிகவும் உதவும் ஒரு வசதி உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் போதிய விளம்பரம் செய்தால் போதும். இதை வெள்ளோட்டத்துக்குப் பயன்படுத்தலாம். ஒரு தெருவைத் தேர்ந்து, ஒரு மாதம் நடத்திப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டபின் நிரந்தர விதிக்குப் போவது, முழு ஊருக்கும் ஒரே நாளில் விதி போட்டுவிட்டு மறுவாரம் வணிகர் சங்கத்தின் கடையடைப்பைச் சந்திப்பதைவிட நல்ல வழி.

கணக்கெடுப்பு

இடம் எத்தனை, நேரம் எவ்வளவு என்பதை யூகத்தில் தீர்மானிக்கக் கூடாது. தேர்ந்த தெருவில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் நடந்துபோய், நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கம், வண்டி வகை, நிற்பது ஏன் என்ற மூன்றையும் எழுதினால் போதும். மூன்றாவது கட்டத்தில் ‘ஏ’ என்றால் ஏற்றுகிறது, ‘இ’ என்றால் இறக்குகிறது, ‘கா’ என்றால் காத்திருக்கிறது, ‘நி’ என்றால் ஆளில்லாமல் நிற்கிறது. கல்லூரி மாணவர்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாம். ஒரு சாதாரண வேலைநாள், ஒரு சனிக்கிழமை, சம்பளம் வந்த வாரத்தின் ஒரு நாள், ஒரு முகூர்த்த நாள் என்று குறைந்தது நான்கு நாள் வேண்டும். அதிகாலை 4 மணிக்கே தொடங்க வேண்டும். பாலும் மீனும் பூவும் அதிகாரி அலுவலகம் வருமுன் இறங்கி முடிந்துவிடும்.

கிடைத்த கணக்கிலிருந்து இடத்தின் எண்ணிக்கையை இப்படிப் பெறலாம். உதாரணமாக, ஒரு தெருவில் உச்ச நேரமான ஒரு மணி நேரத்தில் 12 வண்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 20 நிமிடம் இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால், தேவை 240 வண்டி-நிமிடம். அறுபதால் வகுத்தால் நான்கு இடம். வண்டிகள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்தான் நான்கு போதும், அப்படி வராது. எனவே ஐந்து, ஆறு என்று வைக்க வேண்டும். இறக்கும் நேரத்தை 15 நிமிடமாகக் குறைக்க முடிந்தால் கணக்கில் ஓர் இடம் மிச்சமாகும். அதற்கு லோடுமேன்கள் வேண்டும். ஓட்டுநர் ஒருவரே மூட்டையைச் சுமந்து படியேற வேண்டியிருந்தால் எந்த விதியாலும் நேரம் குறையாது. சுமைப்பணித் தொழிலாளர்களின் வேலை நேரமும் கூலி முறையும் தெரியாமல் காலவரம்பு வைப்பது வீண். கருத்துக் கேட்பில் அவர்களின் சங்கத்தை முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.

விதியின் வாசகம்

‘காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கனரக வாகனங்கள் நுழையத் தடை’ என்பது தமிழ்நாட்டு ஊர்களில் நுழைவாயில்தோறும் காணும் வகையான பலகை. அதில் எத்தனை ஓட்டைகள் என்று பார்க்கலாம். கனரகம் என்பது எந்த எடையிலிருந்து என்று இல்லை. நுழையத்தான் தடை, ஏழரை மணிக்கு நுழைந்து பதினொன்று வரை நின்றால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை. பகல் முழுதும் தடை என்பதால் கடைக்காரர் இரவில் ஆள் வைக்க வேண்டும், அல்லது தடையை மீறி ‘ஏற்பாடு’ செய்ய வேண்டும். நடப்பது இரண்டாவதுதான். கடைப்பிடிக்க முடியாத விதி, கையூட்டுக்குத்தான் வாசல்.

அதற்கு மாற்றாக இந்த மாதிரி வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம்: ‘அட்டவணையில் கண்ட இடங்களில், காலை 9.30 முதல் 12.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரையும், மொத்த எடை 7.5 டன்னுக்கு மேற்படாத சரக்கு வாகனம், சரக்கை ஏற்றவோ இறக்கவோ செய்யும் பொருட்டு மட்டும், தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேற்படாமல் நிற்கலாம். தொடர்ந்து 10 நிமிடம் சரக்கு கைமாறாத வண்டி காத்திருக்கும் வண்டியாகக் கருதப்படும். ஓட்டுநரோ உதவியாளரோ வண்டியின் அருகில் இருக்க வேண்டும்.’ இதில் உள்ள எண்கள் மாதிரிக்குத்தான். அந்தந்தத் தெருவின் கணக்கெடுப்பே அவற்றை முடிவு செய்ய வேண்டும். மாற்றக் கூடாதது வரையறை. சரக்கு கைமாறுகிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்தே தெரியும். ஓட்டுநரின் நோக்கத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

நேரம் தேர்வதில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல், ஷிப்ட் பேருந்துகள். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் பொதுவாக அதிகாலையிலும் பிற்பகல் 2 மணியை ஒட்டியும் இரவு 10 மணியை ஒட்டியும் ஆள் மாறுகிறது. அந்த நேரங்களுக்கு முன்னும் பின்னும் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களில் வெள்ளைப் பேருந்துகள் வரிசையாக வந்து ஆளை ஏற்றுகின்றன. மேலே கண்ட மாதிரி 12.30-க்கு முடிந்து 2.30-க்குத் தொடங்குவது அதனால்தான்; 3.30-க்கு முடிவது பள்ளி விடும் நேரத்துக்காக. ஒரே ஓரத்தைக் காலையில் சரக்குக்கும், ஷிப்ட் நேரத்தில் பேருந்துக்கும், இரவில் தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைக்கும் முறைவைத்துக் கொடுக்கலாம். அகலம் குறைந்த ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது.

தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏற்றி இறக்கும் இடத்துக்காக அவர்களை ஓர் இரவில் அகற்ற முடியாது. 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இடமாற்றத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு கேட்கிறது. நகர விற்பனைக் குழுவின் பார்வைக்கும் வரைவு போக வேண்டும்.

விதிவிலக்குகளைக் குறைவாக வைக்க வேண்டும். சிலிண்டர் வண்டிக்கும் தண்ணீர் லாரிக்கும் தனி நேரம் தரலாம். வீடு மாற்றுவோருக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு போதும். ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டுவது ஏற்றி இறக்குதல் ஆகாது; அது கட்டட அனுமதியோடு சேர்ந்த வேறு விஷயம். கோயில் நாள்களை விதியிலேயே எழுதிவிடுவது நல்லது: சித்திரையில் திருவாதிரையை ஒட்டி ராமானுஜர் அவதார உற்சவம் நடக்கும் நாள்களில் மாட வீதி இடங்கள் தாமாகவே ரத்தாகும், அவற்றுக்கு மாற்றிடம் இன்னது என்று. ஆண்டுதோறும் புதிதாக உத்தரவு போட வேண்டியிருக்காது.

அளவும் குறியீடும்

குட்டி யானையின் நீளம் சுமார் 3.8 மீட்டர், பதினான்கு அடி லாரி ஏறக்குறைய 6 மீட்டர். பின்கதவைத் திறந்து மூட்டையைத் தள்ளுவண்டியில் இறக்க இன்னும் 2 மீட்டரும், ஒடித்து நுழைய அதே அளவும் வேண்டும். எனவே லாரிக்கு 10 மீட்டர் என்று கோடு போடுவது நடைமுறை. சரக்கு வாகனத்தின் சட்ட அகல உச்சம் 2.6 மீட்டர், கோட்டின் அகலம் 3 மீட்டர் இருந்தால் லோடுமேன் பக்கவாட்டில் நடக்க வழி கிடைக்கும். ஏழு மீட்டர் தெருவில் இதைப் போட்டால் மீதி நான்கு மீட்டர்தான். அப்போது எதிர் ஓரத்தில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, அல்லது தெரு ஒருவழியாக வேண்டும். இரண்டும் முடியாத தெருவில் இடம் ஒதுக்காமல் விடுவதே மேல். பக்கத்துச் சந்தில் இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவரலாம். நாற்பதடி கன்டெய்னர் பூட்டிய டிரெய்லருக்கு ஊர்த் தெருவில் இடமே கிடையாது என்று விதி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பலகைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 67, சாலைக் குறியீடுகளுக்கு ஐ.ஆர்.சி. 35 ஆகியவை அடிப்படை. பலகையில் எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்ட வேண்டும். இந்தச் சாலைகளில் வரும் ஓட்டுநர்களில் இந்தி, தெலுங்கு பேசுவோர் ஏராளம். தமிழில் நான்கு வரி எழுதிய பலகை அவர்களுக்கு வெறும் தகடு. லாரிப் படம், கடிகாரப் படம், பெரிய எண்ணில் 20 என்பது எல்லோருக்கும் புரியும். அறிவிக்கை எண்ணும் தேதியும் பலகையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கட்டும். தகராறு வரும்போது காவலருக்கு அதுவே துணை.

கட்டணமும் அபராதமும்

ஏற்றி இறக்கும் இடத்தை வாகன நிறுத்தக் குத்தகையோடு சேர்த்து ஏலம் விடக் கூடாது. குத்தகைதாரருக்கு வண்டி நீண்ட நேரம் நின்றால்தான் வருமானம். விதிக்கோ வண்டி சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஏலத்தொகை பட்ஜெட்டில் நல்ல வரவாகத் தெரியும், தெருவோ அடைத்துக்கொள்ளும். முதல் 20 நிமிடம் இலவசம், அதற்குமேல் நிற்பது குற்றம் என்று வைப்பது எளிது. பார்சிலோனா நகரம் சரக்கு இறக்கும் இடங்களுக்கு 30 நிமிட வரம்பு வைத்து, ஓட்டுநர் கைபேசிச் செயலியில் வருகையைப் பதிவுசெய்யும் முறையை நடத்துகிறது. அதனால் எந்த இடம் எந்த நேரத்தில் நிரம்புகிறது என்ற தகவல் நகராட்சிக்குத் தானாகக் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அளவிலான ஊருக்குச் செயலி அவசியமில்லை; முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டியும் கைக்கடிகாரமும் போதும். டயரிலும் தரையிலும் ஒரே கோடாக இழுத்துவிட்டு 20 நிமிடம் கழித்து வந்து பார்த்தால், வண்டி அசைந்ததா என்பது தெரிந்துவிடும்.

அபராதம் காவல்துறையின் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுத் தண்டனைப் பிரிவான 177, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரையும், மறுதடவைக்கு 1,500 ரூபாய் வரையும் விதிக்க இடமளிக்கிறது. நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரப் பூட்டுப் போடவோ பிரிவு 127-இன்படி சீருடையில் உள்ள காவல் அதிகாரி அனுமதிக்கலாம். நகராட்சி ஊழியர் அபராதச் சீட்டு எழுத முடியாது. படம் எடுத்து அனுப்பலாம். ஏற்றி இறக்கும் இடத்தை அடைத்து நிற்பது பெரும்பாலும் லாரி அல்ல, கடைக்காரரின் சொந்தக் காரும் பைக்கும்தான். முதல் மாத அபராதம் அவற்றுக்கு விழுந்தால் விதிக்கு மதிப்பு வரும். வெளியூர் லாரிக்காரரை மட்டும் பிடித்தால் அது வசூல் என்றே பேசப்படும்.

கருத்துக் கேட்பும் அறிவிக்கையும்

வரைவைத் தமிழில் எளிய நடையில் எழுதி, வரைபடத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். ஊராட்சிகளில் கிராம சபை இதற்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுவதால் கால அட்டவணையை அதற்கேற்ப அமைக்கலாம். நகராட்சியில் வணிகர் சங்கம், சுமைப்பணித் தொழிலாளர், லாரி உரிமையாளர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளி நிர்வாகம், ஆலைகளின் போக்குவரத்து மேலாளர்கள் ஆகியோரைத் தனித்தனியே கேட்பது நல்லது. ஒன்றாகக் கூட்டினால் குரல் ஓங்கியவரின் கருத்தே பதிவாகும். ஆட்சேபணைகளுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் பதில் தந்து, மன்றத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன் வைத்து, அறிவிக்கைக்கு அனுப்ப வேண்டும். சென்னைப் பெருநகர எல்லை விரிவுக்கு அரசு 2022-இல் ஆணையிட்டதில் இந்த வட்டாரமும் அடங்குவதால், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் ஒரு படி போக வேண்டும்.

மறுஆய்வு

சரக்குப் போக்குவரத்து ஓரிடத்தில் நிற்பதில்லை. 1996-இல் கொத்தவால் சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது காய்கறி லாரிகள் ஜார்ஜ் டவுனை விட்டன. மற்ற மொத்த வியாபாரம் அங்கேயே இருந்ததால் குறுகிய தெருக்களில் மூட்டை இறக்குவது இன்றும் தொடர்கிறது. நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் ஷிப்ட் நேரத்தை ஒட்டி எழுதிய எந்த ஏற்பாடும் அன்றோடு பொருளிழந்திருக்கும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூருக்கு நிகரான அரிசியும் காய்கறியும் சிலிண்டரும் அங்கே நாள்தோறும் போய்ச் சேர வேண்டும். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை, எண்ணூரிலிருந்து பூஞ்சேரி வரையிலான சென்னை எல்லைச் சாலை, மப்பேடு சரக்குப் போக்குவரத்துப் பூங்கா ஆகியவை முழுமையாக இயங்கும்போது லாரிகள் வரும் திசையே மாறும்.

ஆகவே எந்த இடத்துக்கும் நிரந்தரத் தகுதி தரக் கூடாது. இடங்களின் அட்டவணையை விதியின் உடலில் வைக்காமல் இணைப்பாக வைத்தால், விதியைத் தொடாமலே இடங்களை மாற்றலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே தெருவில் அதே முறையில் கணக்கெடுத்து, ‘கா’, ‘நி’ என்று பதிவான வண்டிகள் குறைந்தனவா என்று ஒப்பிட வேண்டும். குறையவில்லை என்றால் அந்த இடத்தை ரத்து செய்ய வேண்டும். மறுஆய்வுத் தேதி எழுதப்படாத வரைவை மன்றம் ஏற்கக் கூடாது.